இருபத்தைந்து சுற்றுகள்: ஒரு நெடுந்தூர ஓட்டக்காரரின் வாழ்க்கையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், மண்டகப்பட்டு பக்கம், ஃபஜ்ர் தொழுகை முடிந்து இருட்டு விலகும் நேரத்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. சாலையோரமாக இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். திண்டிவனம் பக்கமும் அப்படித்தான். பெரும்பாலும் காவலர் தேர்வுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். அது முடிந்ததும் பலரும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். தேர்வில் தோற்றவர்கள் அதற்கு முன்பே விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு இயல்பிலேயே வேறு மாதிரியான நெஞ்சும் காலும் இருக்கலாம். அவன் நம் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். அவனுடைய அத்தா, "இப்படி ஓடிக்கொண்டே இருந்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பதில் தவறில்லை. சோறு போடாத எதையும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்க முடியும். ஆனால் அந்தக் கேள்விக்கு நம்மில் யாரும் சரியான பதிலைத் தெரிந்து வைத்திருப்பதில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவருடைய வாழ்க்கை எப்படித் தொடங்குகிறது, எத்தனை ஆண்டு நீடிக்கிறது, எங்கே உடைகிறது என்பதைத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

புதுக்கோட்டை லட்சுமணன்

தமிழகத்தில் நெடுந்தூர ஓட்டம் என்றால் நினைவுக்கு வரும் ஊர் சென்னை அல்ல, புதுக்கோட்டை. அந்த மண்ணைச் சேர்ந்தவர் கோவிந்தன் லட்சுமணன். 1990இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். வறுமையான வீடு. கவிநாடு இளையோர் விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் லோகநாதன் கையில் வளர்ந்தவர். அதே பயிற்சியாளரிடம் இருந்துதான் 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற சூர்யாவும் வந்தார். ஒரு சிறு நகரம், ஒரு பயிற்சியாளர், காலை மாலை தவறாத பயிற்சி. அவ்வளவுதான் அடித்தளம்.

பிறகு லட்சுமணன் ராணுவத்தில் சேர்ந்தார். இந்திய நெடுந்தூர ஓட்டத்தின் கதையில் ராணுவம் திரும்பத் திரும்ப வரும். காரணம் எளிது. மாதச் சம்பளம், மூன்று வேளை நல்ல உணவு, மருத்துவர், கூட ஓடுவதற்கு ஆள், பயிற்சிக்கு விடுப்பு எல்லாம் ஓரிடத்தில் கிடைப்பது அங்கேதான். அங்கே அவருக்குப் பயிற்சி தந்தவர் சுரேந்திர சிங். 2008இல் 10,000 மீட்டரை 28 நிமிடம் 2.89 வினாடியில் ஓடி இந்தியச் சாதனை படைத்தவர் அவர். அந்தச் சாதனை 16 ஆண்டுகள் அசையாமல் நின்றது.

2017 ஜூலையில் புவனேஸ்வரில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. லட்சுமணன் முதல் நாள் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். கடைசி நாள் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். 10,000 மீட்டரில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 55.87 வினாடி. அவருக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர் கேரளத்தின் கோபி. அந்தப் போட்டியில்தான் ஆசியப் பதக்கப் பட்டியலில் இந்தியா முதன்முறையாக முதலிடம் பிடித்தது. அடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியில் 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் 13 நிமிடம் 35.69 வினாடி ஓடினார். அவர் வாழ்நாளில் அதுவரை ஓடியதிலேயே சிறந்த நேரம் அது. ஆனாலும் இறுதிச் சுற்றுக்குப் போக அது போதவில்லை. ஆசியாவின் தங்கத்துக்கும் உலகத்தின் இறுதிச் சுற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒரு காலடி

2018 ஆகஸ்ட் 26, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் 10,000 மீட்டர் இறுதி. லட்சுமணன் 29 நிமிடம் 44.91 வினாடியில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம். இந்தத் தூரத்தில் இந்திய ஆண்கள் ஆசிய விளையாட்டில் பதக்கம் பார்த்து நீண்ட காலம் ஆகியிருந்தது. கொண்டாட்டமும் தொடங்கிவிட்டது. சிறிது நேரத்தில் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார் என்ற செய்தி வந்தது. இன்னொருவரை முந்தும்போது அவருடைய இடது கால் ஓடுபாதையின் உள்விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தது. இந்தியத் தரப்பு முறையீடு செய்தது, ஏற்கப்படவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போனது.

இவ்வளவு கடுமையாக ஏன் ஒரு விதி இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஓடுபாதையின் 400 மீட்டர் என்பது உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே அளக்கப்படுவது. வளைவுகளில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒரு சுற்றுக்கு ஆறேகால் மீட்டருக்கு மேல் கூடுதலாகிறது. 25 சுற்றுக்கும் அப்படியே ஓடினால் ஏறத்தாழ 157 மீட்டர் வீணாகும். அதனால்தான் எல்லோரும் உள்விளிம்பை ஒட்டியே ஓடுகிறார்கள், அதனால்தான் அங்கே நெரிசல், அதனால்தான் விளிம்புக்கு உள்ளே கால் வைப்பது ஆதாயம் என்று கருதப்படுகிறது. ஒரே ஒரு காலடியில் என்ன ஆதாயம் வந்துவிடும் என்பது வேறு கேள்வி. உலகத் தடகள அமைப்புக்கே அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். 2021 இறுதியில் விதி தளர்த்தப்பட்டது. வளைவில் ஒருமுறை மட்டும் விளிம்பைத் தாண்டி மிதித்தால், அதனால் பெரிய ஆதாயம் இல்லையென்றால், உடனே நீக்குவதில்லை. இரண்டாம் முறைதான் நீக்கம். லட்சுமணனுக்கு அது மூன்றாண்டு தாமதம்.

இன்னொன்றும் நடந்தது. அன்று தங்கம் வென்ற பஹ்ரைன் வீரர் ஹசன் சானியின் ரத்தப் பதிவுகளில் முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டு, பின்னாளில் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது, தங்கமும் பறிக்கப்பட்டது. கால் தவறி உள்ளே வைத்தவர் அன்றிரவே வெளியே போனார். மற்றவர் சில ஆண்டுகள் தங்கத்தோடு இருந்தார். அப்போதைய மத்திய விளையாட்டு அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் லட்சுமணனை அழைத்துப் பாராட்டி 10 லட்சம் ரூபாய் வழங்கினார். நல்ல செயல்தான். ஆனால் பதக்கம் பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நம் நாட்டில் வேலை உயர்வு, விருது, அரசின் ஊக்கத்தொகை எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்தே முடிவாகின்றன.

ஒரு ஓட்டக்காரரின் பத்தாண்டு உழைப்பு இவ்வளவு மெல்லிய கோட்டின் மேல் நிற்கிறது. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பதக்கத்தை நம்பி அனுப்பக் கூடாது. பதக்கம் வராவிட்டாலும் அவன் கையில் என்ன இருக்கும் என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். லட்சுமணன் கையில் ராணுவ வேலை இருந்தது.

வளைகுடாவின் ஓட்டக்காரர்கள்

ஆசியப் போட்டிகளில் பஹ்ரைன், கத்தார் கொடிகளோடு ஓடுகிற பலர் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் மொராக்கோவிலும் பிறந்தவர்கள். குடியுரிமை மாறி வந்தவர்கள். 2003இல் பாரிஸ் உலகப் போட்டியில் 3,000 மீட்டர் தடையோட்டத்தில் கத்தாருக்காகத் தங்கம் வென்ற சைஃப் சயீத் ஷாஹீன், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை கென்யாவின் ஸ்டீபன் செரோனோ. இது விதிக்கு உட்பட்டதே. ஆனாலும் அரபு முஸ்லிம் பெயரைப் பார்த்ததும் "நம்மவர் வென்றார்" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிற நாம், அதே பந்தயத்தில் நான்கு வீடு தள்ளிப் பிறந்தவர் போல ஒரு புதுக்கோட்டைக்காரர் ஓடினார் என்பதையும் நினைவில் வைத்திருக்கலாம்.

மூச்சைச் சேமித்தவர்

நம் பிள்ளைகளிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது சலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தூ கரத் நிகழ்வில், ஒட்டகங்களைக் கொள்ளையடித்துச் சென்றவர்களைக் குதிரை இல்லாமல் கால்நடையாகவே துரத்தி மீட்டவர் அவர். காலாட்படையினரில் சிறந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த நீண்ட ஹதீஸின் கடைசிப் பகுதியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவரிடமும் தோற்காத அன்சாரித் தோழர் ஒருவர், மதீனா வரை என்னோடு போட்டியிட யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். சலமா (ரலி) நபியவர்களிடம் அனுமதி கேட்டு இறங்கி ஓடினார். முதலிலேயே முழு வேகத்தில் ஓடிவிடவில்லை. ஒன்றிரண்டு மேடுகள் வரை தம்மைக் கட்டுப்படுத்தி, மூச்சைச் சேமித்து, பிறகே வேகத்தைக் கூட்டினார் என்று அவரே விவரிக்கிறார். கடைசியில் எட்டிப் பிடித்து, தோள்களுக்கு இடையே தட்டி, முந்திவிட்டேன் என்றார்.

இன்றைய 10,000 மீட்டர் இறுதிச் சுற்றும் ஏறக்குறைய இதேதான். புவனேஸ்வரில் லட்சுமணன் ஓடிய சராசரி ஒரு சுற்றுக்கு 72 வினாடியை ஒட்டியது. கேட்பதற்கு எளிது. காவலர் தேர்வின் 7 நிமிடக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 112 வினாடி, அதுவும் மூன்றே முக்கால் சுற்று. 72 வினாடி வீதம் 25 சுற்று ஓடிவிட்டு, கடைசிச் சுற்றில் இன்னும் வேகம் எடுக்க வேண்டும். அதற்கு மூச்சு மிச்சமிருக்க வேண்டும். ஆரம்பத்தில் பாய்ந்து முன்னால் ஓடுகிற பையனைப் பார்த்துக் கைதட்டும் பள்ளி மைதானங்கள் இதைக் கற்றுத் தருவதில்லை.

ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் ஓட்டப் போட்டி வைத்ததும், முதல் முறை ஆயிஷா (ரலி) வென்றதும், பின்னாளில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பெண் பிள்ளை ஓடுவதே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஆடையும் இடமும் சூழலும் எப்படி இருக்க வேண்டும் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதைக் கீழே பார்ப்போம்.

உடம்பு எப்படி உருவாகிறது

நெடுந்தூர ஓட்டத்துக்கான உடல் ஒரு நாளில் உருவாவதில்லை. உலகத் தர வீரர்கள் வாரத்துக்கு 160 முதல் 200 கிலோமீட்டர் வரை ஓடுகிறார்கள். அதில் பெரும் பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகிற மெதுவான ஓட்டம். வாரத்தில் இரண்டு மூன்று முறைதான் கடும் வேகம். பல ஆண்டுகள் இப்படி ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஊட்டி போன்ற 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பயிற்சி முகாம் வைப்பதற்குக் காரணம், அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். கீழே இறங்கி வந்து சில வாரங்கள் அந்தப் பலன் நிற்கும்.

இதனால்தான் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை 10 கிலோமீட்டர் ஓடச் சொல்லக் கூடாது என்கிறோம். அந்த வயதில் விளையாட வேண்டும், குறைந்த தூரம் ஓட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். இந்த விளையாட்டின் உச்சம் பெரும்பாலும் 25 வயதுக்குப் பிறகே வருகிறது. லட்சுமணன் ஆசியத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27. பிரிட்டனின் மோ ஃபரா 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. முதல் உலகத் தங்கத்தை 2011இல், 28 வயதில்தான் வென்றார்.

மோ ஃபராவைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வென்றதும் ஓடுபாதையிலேயே சஜ்தாவில் விழும் அந்தப் படம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. ஆனால் 2022இல் அவரே வெளிப்படுத்திய உண்மை பலருக்குத் தெரியாது. அவருடைய இயற்பெயர் ஹுசைன் அப்தி காஹின். சோமாலிலாந்தில் பிறந்தவர். தந்தை உள்நாட்டு மோதலில் கொல்லப்பட்டார். சிறுவனாக இருந்தபோது வேறொரு குழந்தையின் பெயரில் பிரிட்டனுக்குக் கடத்திக் கொண்டுவரப்பட்டு, ஒரு வீட்டில் வேலை செய்ய வைக்கப்பட்டார். அவனை மீட்க உதவியதும், குடியுரிமை பெற உதவியதும், ஓட்டத்துக்குக் கொண்டுவந்ததும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஆலன் வாட்கின்சன். புதுக்கோட்டையில் ஒரு லோகநாதன், லண்டனில் ஒரு வாட்கின்சன். நம் ஊர்ப் பள்ளியின் பி.டி. வாத்தியாரை நாம் எப்படி நடத்துகிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம். கணக்கு வாத்தியார் கேட்டால் அந்த பீரியடையே விட்டுக்கொடுக்க வேண்டிய நிலையில்தான் அவர் பல பள்ளிகளில் இருக்கிறார்.

2016 ரியோவில் 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே கால் இடறி விழுந்து, எழுந்து ஓடி, தங்கம் வென்றார் மோ ஃபரா. விழுந்தவர் எழுந்து வெல்லலாம், விளிம்பைத் தாண்டியவர் வெல்ல முடியாது. ஜகார்த்தா அன்றைய விதி அது.

ரமலானும் ஓட்டமும்

2012 லண்டன் ஒலிம்பிக் முழுவதும் ரமலானுக்குள் வந்தது. மோ ஃபரா போட்டி நாள்களில் நோன்பை ஒத்திவைத்து, பிறகு களா செய்வதாகச் சொன்னார். 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். பயணிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. ஆனால் உள்ளூரில் இருந்துகொண்டு பயிற்சிக்காக நோன்பை விடலாமா என்பது வேறு மஸ்அலா. அதை நம் ஊர் ஆலிமிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பயிற்சியாளரிடம் அல்ல. ஒரு மாதத்துக்குக் கடும் பயிற்சியைக் குறைத்துக்கொண்டால் பத்தாண்டு வாழ்க்கைக்கு எந்த இழப்பும் வராது. இஃப்தாருக்குச் சற்று முன் மெதுவான ஓட்டம், நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் வயிற்றில் இறங்கித் தராவீஹ் முடிந்தபின் லேசான பயிற்சி என்று பல நாட்டு முஸ்லிம் வீரர்கள் ரமலானைக் கடக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் கோடை வெயிலில் பகல் ஓட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2023 லண்டன் மராத்தானுக்கு ரமலானில்தான் தயாரானார். பெருநாள் முடிந்த சில நாளில் நடந்த பந்தயம் அது. அவருக்கு முதல் மராத்தான். நடுவழியில் இடுப்பு வலியால் நின்று தசைகளை நீட்டிவிட்டு, மறுபடி ஓடி வென்றார். எத்தியோப்பியாவிலிருந்து 15 வயதில் அகதியாக வந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டரில் வெண்கலமும் மராத்தானில் 2 மணி 22 நிமிடம் 55 வினாடியில் தங்கமும் வென்றார். நிறைவு விழாவில் ஹிஜாப் அணிந்து மேடையேறி அந்தத் தங்கத்தை வாங்கினார். பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடுத்திருந்த அதே ஒலிம்பிக்கில் இது நடந்தது.

முழுக்கை, முழுநீளக் கால்சட்டை, தலைத்துணி அணிந்து ஓட உலகத் தடகள விதிகளில் தடை கிடையாது. உள்ளூரில் யாராவது "இப்படி உடுத்தினால் ஓட முடியாது" என்று சொன்னால், அது விதியா, அவருடைய வழக்கமா என்று பணிவாகக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர், வெளியூர்ப் போட்டிக்குத் தாயோ சகோதரனோ கூடப் போவது, விடுதியில் யார் பொறுப்பு என்று முன்பே விசாரிப்பது, இவையெல்லாம் பெற்றோரின் உரிமை. இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளையை ஓடச் சொல்லிவிட்டு, "மூச்சு வாங்குகிறது, உனக்கு இது வராது" என்று சொல்வது அநியாயம். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

டப்பாவில் வரும் மாவு

ஜிம்மில் விற்கும் சத்து மாவும் மாத்திரையும் இன்று எல்லாச் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. தடகளத்தில் ஊக்கமருந்து விதி மிகக் கண்டிப்பானது. உடம்பில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு வீரருடையதே. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது பெரும்பாலும் எடுபடாது. திருச்சி மாவட்டம் முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்றபோது தமிழகமே கொண்டாடியது. நான்ட்ரோலோன் என்ற மருந்து பரிசோதனையில் தெரிந்ததால் அந்தத் தங்கம் பறிக்கப்பட்டு நான்காண்டு தடை வந்தது. தடைசெய்யப்பட்ட எதையும் தாம் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். எது உண்மையாக இருந்தாலும் ஓட்ட வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகள் போய்விட்டன. ஜெலட்டின் உறை ஹலாலா என்று பார்க்கிற நாம், உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டும். முட்டை, பயறு, கறி, வேர்க்கடலை, சோறு போதும்.

பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரை

நம் பிள்ளைகள் காணாமல் போவது இந்த ஐந்து ஆண்டில்தான். பள்ளிப் போட்டிகள் முடிந்துவிடும். பெரியவர்கள் பிரிவில் 25 வயது ராணுவ வீரர்களோடு ஓட வேண்டும், தோல்வி மேல் தோல்வி வரும், சம்பாத்தியம் பூஜ்யம். வீட்டில் தங்கை நிக்காஹ் பேச்சு எழும். மாமா துபாயிலிருந்து விசா அனுப்பிவிடுவார். ஷூவைப் பரணில் போட்டுவிட்டு விமானம் ஏறுவான். யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்த ஐந்தாண்டைக் கடக்க வழிகள் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்குமிடம், உணவு, பயிற்சி கிடைக்கும். கல்லூரிகளில் விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சேரலாம், கட்டணச் சலுகையும் பல இடங்களில் உண்டு. ராணுவம், ரயில்வே, காவல்துறை, அஞ்சல்துறை எல்லாம் விளையாட்டுப் பிரிவில் ஆள் எடுக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இதற்கெல்லாம் ஒலிம்பிக் பதக்கம் தேவையில்லை. மாநில, தேசிய, பல்கலைக்கழக அளவிலான சான்றிதழ்கள் போதும் என்ற பணிகளும் உண்டு. ஆனால் சான்றிதழ் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் போட்டியில் பெற்றதாக இருக்க வேண்டும். தனியார் நடத்தும் மராத்தானில் கொடுக்கும் பளபளப்பான மெடல் வேலைக்கு உதவாது. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். முஹம்மது, முகமது, எம்.டி. என்று மூன்று விதமாக எழுதி வைத்திருந்தால் சரிபார்ப்பில் அவதிப்படுவது பிள்ளைதான். நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகின்றன. அதில் ஒன்றிரண்டை மாவட்ட அளவில் வென்ற ஓட்டக்காரனுக்கு ஷூ வாங்கவும் பயணச் செலவுக்கும் ஒதுக்குவதில் என்ன தடை என்று நமக்குப் புரியவில்லை.

இந்தியாவில் இந்தத் துறை இப்போது வேகமாக மாறி வருகிறது. சுரேந்திர சிங்கின் 16 ஆண்டுச் சாதனையை 2024இல் முறியடித்தவர் உத்தரப்பிரதேசத்தின் குல்வீர் சிங், அவரும் ராணுவத்தவர். 2025இல் 10,000 மீட்டரை 27 நிமிடம் 0.22 வினாடிக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். 2017இல் நம் லட்சுமணன் செய்ததும் அதுவே. ஆனால் மராத்தானில் 1978இல் ஷிவ்நாத் சிங் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக எந்த இந்தியரும் தொடவில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது.

செஞ்சி சாலையில் ஓடும் பையன் நம் வீட்டுப் பையனாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரம் மாவட்ட விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். சாலையில் தூரம் சரியாகத் தெரியாது, ஓடுபாதையில் தெரியும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் 1,500 மீட்டர் ஓடச் சொல்லி, நேரத்தை வினாடிக் கணக்கோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். 16 வயதில் நாலரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வருகிறான் என்றால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கும் தடகளப் பயிற்சியாளரைப் பாருங்கள்.